வெளிநாட்டு ஆர்டருக்குப் பணம் வாங்கும் வழி: உங்கள் நிறுவனத்தின் அளவுக்கு எது பொருந்தும்?

மயிலாப்பூரில் வீட்டு மாடியில் இருந்து தஞ்சாவூர் ஓவியங்களை அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர், பெரியமேட்டில் தோல் பை தைத்து ஜெர்மனிக்கு ஏற்றுகிறவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்து வாகன உதிரிபாகம் அனுப்பும் கம்பெனி. மூவரும் இணையத்தில்தான் ஆர்டர் பிடிக்கிறார்கள். ஆனால் பணம் வரும் பாதையும் மூவருக்கும் ஒன்றாக இருந்தால் இரண்டு பேராவது நஷ்டப்படுகிறார்கள். சிறியவர் பெரிய கம்பெனியைப் பார்த்து எல்.சி. (சரியான ஆவணம் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குகிறவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) கேட்கிறார், வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். வளர்ந்த கம்பெனியோ ஆரம்பத்தில் பழகிய கார்டு வழியையே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பில்லிலும் ஆறேழு சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறது. இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அதுதான் ஆபத்தானது.

முதலில் அளவை அளக்க வேண்டும்

உத்யம் சான்றிதழில் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கும் வகை இதற்கு உதவாது. 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவனத்துக்கு விற்றுமுதல் வரம்பு 10 கோடி ரூபாய், சிறு நிறுவனத்துக்கு 100 கோடி, நடுத்தரத்துக்கு 500 கோடி. இந்தக் கணக்கில் ஏற்றுமதி விற்பனையைச் சேர்ப்பதில்லை. முதலீட்டு வரம்புக்குள் இருந்தால், ஆண்டுக்கு 40 கோடிக்கு ஏற்றுமதி செய்கிறவர்கூடக் காகிதத்தில் குறு நிறுவனமாக இருக்கலாம். கடன் வாங்க அது நல்லது. பணம் வாங்கும் வழியைத் தேர்ந்தெடுக்க வேறு எண்கள் வேண்டும்.

கடந்த ஆறு மாதப் பில்களை எடுத்து மூன்று எண்களை எழுதுங்கள். ஒரு ஆர்டரின் சராசரித் தொகை எவ்வளவு டாலர்? மாதத்துக்கு எத்தனை முறை பணம் வருகிறது? சரக்கு கிளம்பிய பிறகு எத்தனை நாள் பணம் வராமல் உங்களால் சம்பளமும் வாடகையும் கொடுக்க முடியும்? இவற்றோடு நான்காவதாக, வாங்குகிறவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: தனி ஆளா, சிறு கடையா, கொள்முதல் துறை வைத்திருக்கும் கார்ப்பரேட்டா? உங்கள் அளவு பாதி முடிவைச் சொல்லும். எதிரே இருப்பவரின் அளவு மீதியைச் சொல்லும்.

எந்த அளவாக இருந்தாலும் சில காகிதங்கள் கட்டாயம். டி.ஜி.எஃப்.டி. எனப்படும் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண் வாங்க வேண்டும். அதை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் இருந்து ஜூனுக்குள் புதுப்பிக்காவிட்டால் முடங்கிவிடும். ஜி.எஸ்.டி. தளத்தில் ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் எல்.யூ.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டால் ஐ.ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்யலாம். இது நிதியாண்டுக்கு ஒருமுறை. மார்ச் முடிந்ததும் பலர் மறப்பது இதைத்தான். ஐ.இ.சி.யில் உள்ள அதே பெயரில் கரன்ட் அக்கவுண்ட் இருக்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் வந்த டாலரை ஏற்றுமதி வருமானம் என்று பின்னால் நிரூபிப்பது பெரிய பாடு.

சிங்கப்பூர் உறவுக்காரர்கள் பணம் அனுப்பும் வழிகளையும் இங்கே கலக்கக் கூடாது. வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவைகள் எம்.டி.எஸ்.எஸ். என்ற பணம் அனுப்பும் திட்டத்தில் தனிநபர்களுக்குப் பணம் அனுப்ப மட்டுமே அனுமதி பெற்றவை. 2023 பிப்ரவரியில் தொடங்கிய, நம் யு.பி.ஐ.யையும் சிங்கப்பூரின் பே நவ்வையும் சேர்க்கும் இணைப்பும் குடும்பச் செலவு, அன்பளிப்பு போன்றவற்றுக்காக வந்ததுதான். "பே நவ்ல போட்டுவிடவா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், புடவை விலையை அப்படி வாங்காதீர்கள்.

சமன் புள்ளிக் கணக்கு

எந்த வழியிலும் இரண்டு வகைச் செலவு உண்டு: தொகை எவ்வளவானாலும் மாறாத கட்டணம், தொகையோடு சேர்ந்து வளரும் சதவீதம். கார்டு, பேபால் போன்றவற்றில் நிலையான கட்டணம் சில காசுகள்தான், சதவீதம் அதிகம். வங்கி வயர், அதாவது வங்கியில் இருந்து வங்கிக்கு நேராக அனுப்பும் பணம், இதற்கு நேர்மாறு.

ஓர் உதாரணம் போடுவோம். கார்டு வழியில் 4.4 சதவீதமும் 30 சென்டும், அதற்கு மேல் நாணய மாற்றத்தில் 3 சதவீதம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வயரில் இடைவங்கியும் (நடுவில் பணத்தைக் கைமாற்றும் வங்கி) உங்கள் வங்கியும் சேர்ந்து 25 டாலர் பிடிக்கின்றன, நாணய மாற்றத்தில் 1 சதவீதம் போகிறது. 60 டாலர் ஆர்டருக்குக் கார்டில் ஏறக்குறைய 4.74 டாலர் போகும். வயரில் 25 டாலருக்கு மேல் போகும். அதே 6,000 டாலர் என்றால் கார்டில் சுமார் 444 டாலர், வயரில் சுமார் 85 டாலர். நடுவில் இரண்டும் சமமாகும் இடத்தைக் கண்டுபிடிக்க, நிலையான கட்டணங்களின் வித்தியாசத்தைச் சதவீதங்களின் வித்தியாசத்தால் வகுங்கள். 24.70-ஐ 0.064-ஆல் வகுத்தால் 386. அதாவது இந்த விகிதங்களில் 386 டாலருக்கு மேல் கார்டில் வாங்கும் ஒவ்வோர் ஆர்டரிலும் செலவு கூடுதல்.

மூன்றாவது வழியும் இப்போது பரவலாக இருக்கிறது. ஏற்றுமதியாளர் பெயரில் அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா ஆகிய இடங்களில் உள்ளூர் வசூல் கணக்கு எண் கிடைக்கும். வாங்குகிறவர் அவர் ஊர் வங்கியில் இருந்து உள்ளூர்ப் பரிமாற்றமாகவே அனுப்புவார். ரூபாய் இங்கே வந்து சேரும். நிலையான கட்டணம் இல்லாமல் மொத்தம் 1.5 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று வைத்தால், 1 சதவீதமும் 25 டாலரும் பிடிக்கும் வயரோடு இது சமமாகும் இடம் 5,000 டாலர். அதற்குக் கீழே உள்ளூர் வசூல் கணக்கு, மேலே வயர். உங்களுக்குச் சொல்லப்பட்ட விகிதங்களை வைத்து இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எண்கள் மாறும், முறை மாறாது.

நாணய மாற்ற விகிதத்தில் ஒளிந்திருப்பதுதான் பெரிய செலவு. டாலர் 90 ரூபாய் என்றால் 1 சதவீதம் என்பது டாலருக்கு 90 காசு. பணம் வரவான நேரத்தில் சந்தை விகிதம் என்ன, உங்களுக்குக் கொடுத்தது என்ன என்று ஒரு மாதம் தொடர்ந்து எழுதிப் பார்த்தால் உண்மை தெரியும். "கட்டணமே இல்லை" என்று சொல்பவர்களிடம் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். மாதத்துக்குச் சில ஆயிரம் டாலராவது வங்கி வழியாக வந்தால், எஃப்.எக்ஸ்.-ரீடெய்ல் தளத்தில் பதிவு செய்து தரும்படி வங்கியைக் கேளுங்கள். கிளியரிங் கார்ப்பரேஷன் நடத்தும் இந்தத் தளம் 2019 ஆகஸ்டில் தொடங்கியது. சிறு நிறுவனமும் சந்தை விகிதத்துக்கு அருகில் டாலரை மாற்றிக்கொள்ள உதவுகிறது. வங்கிக் கிளைகள் தாமாக இதைச் சொல்வது குறைவு.

நாணய மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. பரவலாகப் பின்பற்றும் முறைப்படி 1 லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அதில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து, அதன் மேல் 18 சதவீதம் வரி போடுகிறார்கள். சேவை மதிப்பு குறைந்தது 250 ரூபாய். ஆகவே 1 லட்சத்தை ஒரே தடவை மாற்றினால் வரி 180 ரூபாய். அதையே பத்துப் பத்தாயிரமாக மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 45 வீதம் 450 ரூபாய்.

மாத ஆர்டர் சிறியது, வாங்குகிறவர் தனி ஆள்

இந்த அளவில் சதவீதம் அதிகமானாலும் கார்டை விட முடியாது. டல்லாஸில் இருக்கும் ஒருவர் முன்பின் தெரியாத சென்னைக் கடைக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்ப மாட்டார். பொருள் வராவிட்டால் திரும்பக் கேட்கலாம் என்ற தைரியத்தில்தான் கார்டைத் தட்டுகிறார். அந்த நம்பிக்கைக்கு நீங்கள் கொடுக்கும் விலைதான் கார்டு கட்டணம். அதை விலையில் சேர்த்து வையுங்கள். கடைசிப் பக்கத்தில் தனியாகக் காட்டினால் கூடையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சேவை தருகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது ரிசர்வ் வங்கியின் எல்லை தாண்டிய பேமெண்ட் அக்ரிகேட்டர் (கடைக்காக வெளிநாட்டுப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் நிறுவனம்) அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2023 அக்டோபர் 31 சுற்றறிக்கையில் இந்த முறை வந்தது; இந்த வழியில் வாங்க 25 லட்சம் ரூபாய் உச்சவரம்பு உண்டு. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டு ஆர்டருக்கு மட்டும் பயன்படும். ஸ்டிரைப் 2024-இல் இந்தியாவில் புதுக் கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டும் தருவதாக மாற்றிக்கொண்டது. அதை நம்பி வலைத்தளத்தைக் கட்டாதீர்கள்.

சிறிய கடையைச் சாய்ப்பது கட்டணம் அல்ல, சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு வாடிக்கையாளர்கள் பொதுவாக 120 நாள் வரை பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குள் சரக்கும் போயிருக்கும், பணத்தையும் செலவழித்திருப்பீர்கள். செய்ய வேண்டியவை நான்கு. ட்ராக்கிங் எண் இல்லாத அஞ்சலில் எதையும் அனுப்பாதீர்கள். கார்டு உரிமையாளரின் நாட்டுக்கும் டெலிவரி நாட்டுக்கும் பொருந்தாத பெரிய ஆர்டரை நிறுத்தி வைத்து விசாரியுங்கள். 3டி செக்யூர் சரிபார்ப்பை (ஓ.டி.பி. போல கார்டு வங்கி கேட்கும் கூடுதல் உறுதி) போட்டு வையுங்கள். அதில் தேறிய ஆர்டரில் மோசடிப் புகார் வந்தால் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். நான்காவதை யாரும் கவனிப்பதில்லை: வாடிக்கையாளரின் கார்டு அறிக்கையில் கடையின் பெயர் வர வேண்டும். உரிமையாளரின் சொந்தப் பெயர் வந்தால், இரண்டு வாரம் கழித்து அதைப் பார்க்கிறவர் "இது யார்?" என்று வங்கிக்குத்தான் போன் செய்வார். புகார்கள் நூற்றுக்கு ஒன்றை நெருங்கினால் சேவை தருகிறவர் பணத்தைப் பிடித்து வைப்பார் அல்லது கணக்கை மூடுவார். ஒரே வழியை நம்பியிருக்கும் சிறு கடைக்கு அது அன்றே கதவடைப்பு. இரண்டாவது ஒன்றைப் பதிவு செய்து, மாதம் ஓர் ஆர்டராவது அதில் ஓடவிடுங்கள்.

ஓ.எம்.ஆர். பக்கம் மென்பொருள் சந்தா விற்கும் சிறு குழுக்களுக்கு ஒரு குறிப்பு. பல நாடுகளில் விற்பனை வரியைக் கணக்கிட்டுக் கட்ட ஆள் இல்லாத வரைக்கும், விற்பனையாளராகத் தாங்களே பொறுப்பேற்கும் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் போன்ற சேவைகளுக்குக் கூடுதல் சதவீதம் கொடுப்பது சரியான முடிவு. வரி பார்க்க ஒருவரை வேலைக்கு வைக்கும் அளவு வந்ததும் அந்தச் சதவீதம் வீண்.

சில ஆயிரம் டாலர் ஆர்டர், வாங்குகிறவர் கடைக்காரர்

கோலாலம்பூர் ஜவுளிக் கடையோ லண்டன் மளிகைக் கடையோ மொத்தமாக எடுக்கத் தொடங்கினால் கார்டை நிறுத்துங்கள். முன்பணம் 30 சதவீதம், கப்பல் ரசீது நகல் காட்டியதும் 70 சதவீதம் என்பது வழக்கம். அந்த 30-ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். வாங்குகிறவர் பாதியில் கைவிட்டால் சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் செலவையும், வேறு யாருக்கும் விற்க முடியாத பகுதியின் விலையையும் கூட்டுங்கள். அந்தக் கடையின் பெயர் அச்சிட்ட பை, டப்பா என்றால் முன்பணம் 50-க்கு மேல் போக வேண்டியிருக்கும். எங்கும் விற்கக்கூடிய வெற்றுப் புடவை என்றால் 20 போதும்.

வயர் கேட்கும்போது ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை மட்டும் கொடுத்தால் பணம் அலையும். உங்கள் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவு எது, அதன் ஸ்விஃப்ட் குறியீடு என்ன, அந்த நாணயத்துக்கு எந்த வெளிநாட்டு வங்கி இடைவங்கி என்று எழுதி வாங்கி, ப்ரொஃபார்மா இன்வாய்ஸிலேயே (சரக்கு அனுப்பும் முன் தரும் பில்) அச்சிடுங்கள். பணம் வந்ததும் அது எதற்காக என்று சொல்லும் பர்ப்பஸ் கோடை வங்கி கேட்கும். சரக்குக்கான முன்பணத்துக்குப் பி0103. மீதியை எந்தக் கோடில் காட்டுவது என்று அதே பிரிவில் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். தவறாகக் குறித்தால் பின்னால் பில்லோடு பொருத்த முடியாமல் நிற்கும்.

செலவை யார் ஏற்பது என்பதையும் இன்வாய்ஸில் சொல்லுங்கள். ஓ.யு.ஆர். என்றால் அனுப்புகிறவர் எல்லாக் கட்டணத்தையும் ஏற்பார், எஸ்.எச்.ஏ. என்றால் வழியில் பிடிப்பது உங்கள் தலையில் விழும். 4,000 டாலர் பில்லுக்கு 3,978 வந்தால் 22 டாலர் பாக்கி என்று வங்கிப் பதிவில் பில் திறந்தே கிடக்கும். அந்த வித்தியாசம் வங்கிக் கட்டணம் என்று கடிதம் கொடுத்து அன்றே மூடிவிட வேண்டும்.

இந்த அளவில்தான் மின்னஞ்சல் மோசடி அதிகம் அடிக்கிறது. நீங்கள் அனுப்பியது போலவே ஒரு மெயில் போய், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொல்லும். ஒவ்வொரு இன்வாய்ஸிலும், கணக்கு எண் மாறினால் போனில் பேசி உறுதி செய்யாமல் அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள்.

எல்.சி. எப்போது, எப்படி

எல்.சி.யில் அறிவிப்புக் கட்டணம், ஆவணப் பரிசோதனைக் கட்டணம், கூரியர் என்று பல செலவு இருக்கிறது. பிழை இருந்தால் அதற்கும் தனியாகப் பிடிப்பார்கள். 20,000 டாலருக்குக் கீழே இதைப் பரிந்துரைக்க மாட்டோம். அதற்கு மேலும், ஆவணம் தயாரிக்கத் தெரிந்த ஓர் ஆள் உங்களிடம் இருந்தால்தான். இணையம் வழியாக முதல்முறை அறிமுகமான பெரிய வாங்குநர், நாட்டின் நிலைமையும் சரியில்லை என்றால் எல்.சி.யைவிட நல்ல கவசம் இல்லை. அந்த நாட்டு வங்கியையே நம்ப முடியாவிட்டால், இங்குள்ள வங்கியின் உறுதியும் சேர்ந்த எல்.சி. கேளுங்கள்.

வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டும் பார்க்கிறது. எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி ஆவணத்தைப் பரிசோதிக்க வங்கிக்கு 5 வேலை நாள். எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பலேறிய 21 நாளுக்குள் நீங்கள் ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும். மற்ற ஆவணங்களில் முரண்படாத பொதுவான பெயர் போதும்.

சென்னையில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடம் எல்.சி. படிவத்தில் 44ஈ என்ற புலம். ஏற்றும் துறைமுகம் அதில்தான் வரும். எல்.சி.யில் "சென்னை துறைமுகம்" என்று இருக்கும். கப்பல் நிறுவனம் கடைசி நேரத்தில் காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ ஏற்றும். கப்பல் ரசீதில் அந்தப் பெயர் வந்தவுடன் ஆவணத்தில் பிழை. பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்ற முடிவு வாங்குகிறவர் கைக்குப் போய்விடும். சந்தை விலை இறங்கியிருந்தால் அவர் அதை வைத்துத் தள்ளுபடி கேட்பார். எல்.சி. வரைவு வந்தவுடனேயே "இந்தியாவின் எந்தத் துறைமுகமும்" என்று மாற்றச் சொல்லுங்கள். அதோடு 31டி-யில் காலாவதி தேதியும் இடமும், 46ஏ-யில் கேட்கும் ஆவணங்கள், 47ஏ-யில் கூடுதல் நிபந்தனைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படியுங்கள். வாங்குகிறவரோ அவர் ஆளோ கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்ற ஆய்வுச் சான்றிதழை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். அந்த ஒரு வரி முழு எல்.சி.யையும் வெறும் காகிதமாக்கிவிடும்.

எல்.சி.க்கும் வயருக்கும் நடுவில் டி.பி. இருக்கிறது: பணம் கட்டினால்தான் வங்கி ஆவணத்தைக் கொடுக்கும். கப்பலில் போகும் சரக்குக்கு இது பயன்படும். விமானத்தில் அனுப்பினால், ஏர்வே பில் உரிமை ஆவணம் அல்ல என்பதால், பெறுநராகக் குறித்தவர் பணம் கட்டாமலே சரக்கை எடுத்துவிடுவார். சம்மதித்தால் வங்கியைப் பெறுநராகப் போடுங்கள். முடியாவிட்டால் முழு முன்பணம்.

எதிரே இருப்பவர் உங்களைவிட மிகப் பெரியவர் என்றால்

கார்ப்பரேட் வாங்குநர் முன்பணமும் தர மாட்டார், எல்.சி.யும் திறக்க மாட்டார். அவருடைய வெண்டர் போர்ட்டலில் பதிவு செய், சரக்கு சேர்ந்து 60 அல்லது 90 நாளில் பணம் என்பார். அப்போது ஆரம்பத்தில் எழுதிய மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 45 நாள்தான் தாங்கும் நிறுவனம் 90 நாள் ஆர்டரை எடுக்கக் கூடாது. அல்லது வட்டியை விலையில் ஏற்றிவிட்டு பில்லைக் கொடுத்து வங்கியில் முன்கூட்டியே பணம் வாங்க ஏற்பாடு முடித்த பிறகு எடுக்க வேண்டும். இ.சி.ஜி.சி. என்ற அரசு ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்தில் அந்த வாங்குநருக்குக் கடன் வரம்பு வாங்குவதைச் சரக்கு கிளம்புவதற்கு முன்பே செய்யுங்கள். அனுப்பியதை மாதாமாதம் அறிவிக்காமலோ பணம் தாமதமானதைக் கெடுவுக்குள் தெரிவிக்காமலோ விட்டால் இழப்பீட்டுக் கோரிக்கை நிற்காது.

மாதம் லட்சக்கணக்கான டாலர் வரும் நிறுவனத்துக்கு விஷயம் வேறு. டாலருக்கு இத்தனை காசு என்று மார்ஜினை வங்கியோடு எழுத்தில் பேசி முடிக்கலாம். இரண்டு வங்கிகளிடம் விகிதம் கேட்கலாம். பணம் வரும் தேதி உறுதியான பில்களுக்கு மட்டும் ஃபார்வர்டு (பின்னால் மாற்றும் விகிதத்தை இன்றே உறுதி செய்யும் ஒப்பந்தம்) போடலாம். தேதி உறுதியில்லாததற்குப் போட்டு ரத்து செய்தால் அந்த நஷ்டம் உங்களுடையது. வரவும் செலவும் டாலரிலேயே இருந்தால் ஏற்றுமதியாளருக்கான வெளிநாட்டு நாணயக் கணக்கான இ.இ.எஃப்.சி.யில் டாலராகவே வைக்கலாம். அதற்கு வட்டி கிடையாது, ஒரு மாதம் சேர்ந்ததில் செலவாகாததை அடுத்த மாதம் முடிவதற்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும்.

பில்லை மூடுவது

பணம் வந்தால் வேலை முடிந்தது என்று சிறு நிறுவனங்கள் நினைக்கின்றன. சுங்கத்துறையின் ஷிப்பிங் பில் ஏற்றுமதிப் பில்களைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். கணினி அமைப்பு வழியாக உங்கள் வங்கிக்குப் போய்க் காத்திருக்கும். வந்த பணத்தோடு பொருத்தும் வரை அது திறந்த பில். பணம் வர வேண்டிய காலம் 9 மாதமாக இருந்தது. 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டினார்கள். திறந்த பில்கள் சேர்ந்தால் அடுத்த ஏற்றுமதிக்கே வங்கி கேள்வி கேட்கும்.

வங்கி அனுப்பும் வரவுச் செய்தி டி.ஜி.எஃப்.டி. தளத்தில் உங்கள் பக்கத்துக்கு வரும். எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்று பிரித்து பணம் வந்ததற்கான மின்சான்றான இ-பி.ஆர்.சி.யை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். சிறியவர்களுக்கு 2025 அக்டோபரில் ஒரு நல்ல தளர்வு வந்தது: 10 லட்சம் ரூபாய் வரையிலான பதிவுகளை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியை வைத்தே வங்கி மூடலாம். உங்கள் கிளையில் தெரியாது என்று சொன்னால் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். கார்டு, பேபால் வழியாக ரூபாயாக வரும் பணத்துக்கு வெளிநாட்டில் இருந்து வந்தது என்று காட்டும் எஃப்.ஐ.ஆர்.ஏ. சான்றை மாதாமாதம் இறக்கி வையுங்கள். சேவை ஏற்றுமதிக்கு இது இன்னும் முக்கியம். பணம் அந்நியச் செலாவணியில் வந்தது என்று காட்ட முடியாவிட்டால், அல்லது அனுமதித்த காலத்துக்குள் வராவிட்டால், எல்.யூ.டி.யில் விட்ட வரியை வட்டியோடு கேட்பார்கள்.

ஒரு வழியில் இருந்து அடுத்ததற்கு மாறும் காலத்தில் பழையதை உடனே மூடாதீர்கள். கடைசிக் கார்டு ஆர்டர் முடிந்து 120 நாள் சார்ஜ்பேக் காலம் கடக்கும் வரை கணக்கில் சிறு தொகை இருக்கட்டும். பழைய வாடிக்கையாளர்களுக்குப் புது வழியைச் சொல்லும்போது, வங்கி வழியாக அனுப்புகிறவர்களுக்கு 2 சதவீதம் விலை குறைத்துக் கொடுங்கள். மேலே போட்ட உதாரண விகிதங்களில், 6,000 டாலர் ஆர்டரில் 120 டாலரை விட்டுக்கொடுத்த பிறகும் 230 டாலருக்குக் குறையாமல் உங்கள் கையில் மிஞ்சும்.